ஏழாவது குரல்

என் முதுகலைப் படிப்பின் பெயரை அம்மாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. மனிதரோடு பேசிப் பழகும் அறிவுள்ள கணினி அமைப்புகள் என்று தமிழில் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் மூச்சு வாங்கியது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டரைப் பேச வைக்கப் படிக்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவாள். பேச வைக்க இல்லை, கேட்க வைக்க என்று ஒவ்வொரு தடவையும் நான் திருத்துவேன். அந்த வயதில் எல்லோரையும் திருத்திக் கொண்டிருந்தேன்.

எங்கள் கடற்கரை ஊர் இனயத்தில் பஸ் ஏறி, கருங்கலில் மாறி, தக்கலைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரிக்குப் போக வேண்டும். இரண்டாம் ஆண்டு முழுக்க ஒரே புராஜெக்ட். கடலுக்குப் போகிறவர் போனில் தன் பேச்சிலேயே காற்று நிலவரம் கேட்டால், அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் ஒரு அமைப்பு. எங்கள் கரைப் பேச்சைக் கேட்டால் மதுரைக்காரர்களே பாட்டுப் பாடுகிறோமா என்று சிரிப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அதைப் பழக்க வேண்டுமானால் நிறையக் குரல்கள் வேண்டும். கரையிலிருந்து பத்து ஆண்கள், ஆளுக்கு நாற்பது சொற்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான், வாடை, அலை, ஆழம், கரை என்று ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். பதிவில் வேறு யார் குரலும் விழக்கூடாது. பத்துப் பேரில் ஏழாவது ஆள் என் அப்பா.

அப்பா ஆழ்கடல் போட்டில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கடல்தான். கரையில் இருப்பது நாலைந்து நாள். அதில் ஒரு காலையை எனக்குத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குரலைத்தானே எடுக்கிறேன், சட்டை எதற்கு என்று கேட்டேன்.

"படிப்புக்குள்ள காரியமில்லியா மோளே," என்றார்.

கடல் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தேன். ஃபேனையும் நிறுத்திவிட்டேன். அந்தச் சட்டை பத்து நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மைக்கை முன்னால் வைத்து, முதல் சொல்லைக் காட்டினேன்.

"ஏலே மக்கா, கச்சான். கேட்டியா?" என்று சொல்லிவிட்டு மைக்கையே பார்த்துக் கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. போட்டுகளில் வயர்லெஸ்ஸில் பேசுவது அப்படித்தான். முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டியா என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து 'கேட்டாச்சு' என்று வந்த பிறகுதான் அடுத்த பேச்சு. பதில் வராவிட்டால் சொன்னது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், திரும்பவும் சொல்வார்கள். முப்பது வருஷம் அப்படிப் பேசிப் பழகிய மனிதர், மைக்கைக் கண்டதும் அதைத்தான் செய்தார். பதில் வரவில்லை. இன்னும் சத்தமாக, "கச்சான். கேட்டியா?" என்றார். நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

பதிவை நிறுத்திவிட்டு, இது பதில் சொல்லாது, சொல்லை மட்டும் சொல்லுங்கள் என்று விளக்கினேன். சரி என்றார். இரண்டு சொல் ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் பழையபடி 'ஏலே மக்கா' வந்துவிட்டது.

"பதிலு சொல்லாத ஆளுகிட்ட எப்பிடி மோளே பேச?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் பாடத்தில் முதல் அத்தியாயமே அதுதான்: மனிதர் ஒன்று சொன்னால், கேட்டுவிட்டேன் என்று அமைப்பு உடனே காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அவர் குழம்பிப் போய் மறுபடி மறுபடி அதையே செய்வார். பரீட்சையில் அதை இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். படித்த நான், கண்ணெதிரே அது நடந்தபோது, நோட்டில் 'ஏழாவது குரல்: சொன்னபடி பேசவில்லை' என்று எழுதினேன்.

நாற்பது சொல்லையும் முடிக்க மதியமாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் கூப்பிட்டார், கேட்டியா என்றார், காத்திருந்தார். நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பத்துக் குரலையும் போட்டுப் பழக்கினால் முடிவு மோசமாக வந்தது. கரைக்கும் கச்சானுக்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் குரல் கீழே இழுக்கிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கச் சொன்னார் எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம். ஏழாவதை விலக்கியதும் எல்லாம் நேராகிவிட்டது. மேடம் அதை விட்டுவிட்டுச் செய்யச் சொன்னார், அவ்வளவுதான் சொன்னார். அழித்தது நான். குரல்களைப் போட்டிருந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் புரோகிராம் தானாக எடுத்துக்கொள்ளும். ஏழாவதைத் தனியே எடுத்து வைக்கப் பென் டிரைவில் இடமில்லை. பார்த்து முடித்த சினிமா இரண்டு அதில் கிடந்தது. எப்போது வேண்டுமானாலும் கரண்ட் போகும் காலம் அது. லேபின் யூபிஎஸ் பாட்டரியும் முனகத் தொடங்கியிருந்தது. அப்பா எங்கே போய்விடப் போகிறார், அடுத்த தடவை வந்தால் பொறுமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பழக்கத்தில் விரல் ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தியது; குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் அழிந்தது.

அந்த வாரமே அப்பா கடலுக்குப் புறப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, தான் சொன்னது கம்ப்யூட்டருக்கு மனசிலாச்சா என்று கேட்டார். ஆச்சுப்பா, எல்லாரையும் விட உங்கள் பேச்சுதான் நல்லா மனசிலாச்சு என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

அந்த போட்டு திரும்பவில்லை. கப்பல் இடித்திருக்கும் என்றார்கள். மரத்துண்டுகள் கிடைத்தன என்று ஒரு நாளும், அவை வேறு போட்டுடையவை என்று மறுநாளும் சொன்னார்கள். கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில் கரை வயர்லெஸ் இருந்தது. அம்மாவும் நானும் பத்து நாள் அங்கேயே கிடந்தோம். யாரும் பார்க்காதபோது நானும் பொத்தானை அழுத்திக் கூப்பிட்டேன். அப்பா, கரையிலிருந்து பேசுகிறேன், கேக்குதா என்று. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இரைச்சல்தான் வந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். பதிலில்லாமல் பேசுவது எப்படி என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கி என்ன பயன்?

அதே கடலில் வேறு போட்டில் இருந்த ஒருவர் கரைக்கு வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு வயர்லெஸ்ஸில் கடைசியாகப் பேசியது அவர்தான். அப்பா என்ன பேசினார் என்று அம்மா கேட்டாள்.

"மோளுக்க கம்ப்யூட்டருக்கு எனக்க பேச்சு நல்லா மனசிலாவுதுன்னு சொன்னாரு. எல்லா போட்டுகாரங்களுகிட்டயும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாரு."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்பா குரல் என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது. கல்லூரியிலிருந்து அதைக் கொண்டு வா, ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கொண்டு வருகிறேன் என்று தலையாட்டினேன்.

மறுநாளே லேபுக்குப் போனேன். அழித்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டு, அந்த ஹார்ட் டிஸ்க்கை மூன்று நாள் துருவினேன். அதன் மேல் ஜூனியர்களின் பாட்டும் படமும் எழுதப்பட்டிருந்தன. கடைசியில் உடைந்த ஒரே ஒரு துண்டு கிடைத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். 'ட்டியா' என்று ஒரு சொல்லின் வால். அதற்கப்புறம் அவர் காத்திருக்கும் நேரம். மெத்தையைத் தாண்டி வந்த கடல் சத்தம். மைக்குக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள். அது நான்.

அதைப் பென் டிரைவில் ஏற்றி, லேபில் ஒரு லேப்டாப்பையும் கேட்டு வாங்கி அம்மாவிடம் கொண்டுபோனேன். நடந்ததையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. ஹெட்போனைக் காதில் வைத்து முழுதும் கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்த இடைவெளி வந்தபோது, என்னைப் பார்க்காமல், "கேட்டாச்சு," என்றாள்.