கூண்டுக்காரர்

“அம்மாடி, கோவமா? எம்மேலயா? நான் என்னம்மா பண்ணேன்?”

உள்ளே போக மாட்டேன் என்று கால் ஊன்றி நிற்கும் பெண்குதிரையின் காதோரம் கெஞ்சுகிறார் கூண்டுக்காரர். ஆண்குதிரை என்றால், “வாங்க மாப்ளே, உள்ள வாங்க.” மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திப் பேசக் கூடாதாம்.

பந்தயம் தொடங்குமுன் குதிரைகளை, புறப்படும் கோட்டில் வரிசையாக நிற்கும் இரும்புக் கூண்டுகளுக்குள் ஏற்றிவிடுவது அவர் வேலை. சட்டைப்பையில் அவற்றுக்கென்று கேரட் இருக்கும்; பாதியை அவரே தின்றுவிடுவார். மனைவி கூப்பிட்டால் காதில் விழாது, எங்கோ ஒரு குதிரை தும்மினால் திரும்பிவிடுவார். “என்னையும் லாயத்துல கட்டியிருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பீங்க” என்பாள் அவள். “நீ உதைக்கிறதுக்கு லாயம் தாங்காது” என்பார்.

அன்று மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரிய பந்தயம். ஒரு குதிரைக்கு ஆயுளில் ஒரே வாய்ப்பு; அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். கூண்டுக்குள் நின்ற செம்பழுப்புக் குட்டி திடீரென்று எழும்பியது. ஜாக்கி கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். குதிரையின் முன்னங்கால் தடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டது. இன்னொரு முறை திமிறினால் எலும்பு முறியும்.

“யாரும் கத்தாதீங்க!”

கத்தியவர் அவர் ஒருவர்தான். அடுத்த நொடி கூண்டுக்குள் இருந்தார். மாட்டிய காலுக்கு அடியில் தோளைக் கொடுத்தார். “அம்மாடி, என்மேல சாஞ்சுக்கோ. தாங்குவேன்.” அத்தனை பெரிய உடம்பு நடுங்கியது, பிறகு நம்பிச் சாய்ந்தது. அவர் பல்லைக் கடித்து நிமிர, கால் விடுபட்டது.

குட்டியை வளர்க்கும் பெண் ஓடி வந்தாள். “அண்ணே, கால் போச்சாண்ணே?”

“எங்கயும் போகல. அழாத, அது பாக்குது.”

மருத்துவர் தடவிப் பார்த்தார், வெளியே நடத்திப் பார்த்தார், ஓடலாம் என்று தலையசைத்தார். ஜாக்கி மறுபடி ஏறிக்கொண்டார். பயந்து திமிறிய அதே கூண்டுக்குள், கூண்டுக்காரரின் பின்னால் குட்டி தானாகவே நடந்து போனது.

கூண்டுகளின் முன்கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. தரை அதிர்ந்தது. எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நொடியில் அவருக்கு மயிர்க்கூச்செறியும். சற்று முன் அவர் தோளில் கிடந்த அந்தக் கால் இப்போது கண்ணுக்கே பிடிபடவில்லை.

தூரத்து ஒலிபெருக்கி அலறியது. “ரெண்டாவது! அண்ணே, ரெண்டாவது வந்துட்டா!” அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

குட்டி புறப்பட்ட இடத்தில், பெயர்ந்த புல்லுக்கு நடுவே ஒரு குளம்புத்தடம் பதிந்திருந்தது. அவர் மெல்லக் குந்தி, அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். அவ்வளவு சிறிய தடம், கைக்கு அடியில் முழுக்க மறைந்துவிட்டது.