மெழுகு ஊற்றிய ஹம்பக்கர்

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். துணி துவைத்து மாடியில் காயப்போட்டேன். காலைக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. பத்து மணிக்கு மகளும் நானும் அவள் அப்பாவின் எலக்ட்ரிக் கிதாரோடு திருவெறும்பூரில் பஸ் ஏறினோம். ஸ்ரீரங்கத்தில் ஒருவர் வீட்டிலேயே கிதார் பழுது பார்க்கிறார்.

கணவர் போன வருடம் இறந்தார். சர்ச் பாடற்குழுவில் அவர் இடத்தில் இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் வாசிக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் கிதார் வீறிடுகிறது. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் ஹம்பக்கர் பிக்கப்புகள் இரண்டையும் மாற்றுவதாக முடிவு செய்திருந்தோம். இரண்டு ஜோடிகளை ஒப்பிட்டுக் குறித்து வைத்திருந்தேன். ஒன்றின் ஒலி மென்மை, மற்றதில் முரட்டுத்தனம் அதிகம்.

பழுது பார்ப்பவர், ஒயரை வெட்டாமல் ஒரு பிக்கப்பைத் தூக்கி, அதன் தகட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளையும் ரோஸும் நீலமுமாக மெழுகு.

“இத யாருங்க ஊத்துனது?”

உள்ளிருக்கும் கம்பிச்சுருள் ஆடாமலிருக்க மெழுகு ஊற்றுவார்களாம். இது வெடித்து, சுருள் தளர்ந்து, மைக் மாதிரி பக்கத்துச் சத்தத்தையும் பிடிக்கிறதாம். மகளைப் பேசச் சொன்னார். அவள் குனிந்து “அப்பா” என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆம்ப்ளிஃபயரில் அது மெலிதாக வந்தது.

மெழுகை எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன், கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள், கணவர் தன் பெற்றோர் கல்லறையில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கி வந்து என் பால் பாத்திரத்தில் உருக்கினார். பாத்திரத்துக்காகத் திட்டினேன். எதற்கென்று கேட்கவில்லை.

பழுது பார்ப்பவர் போன் பேச வாசலுக்குப் போனார். கிதார் மேசைமேல் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. சற்று விட்டு இன்னொன்று.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் என் கணவர் அப்படித்தான் கனைப்பார். மகளைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர், புதிது வாங்கவே வேண்டாம், இந்த மெழுகை எடுத்துவிட்டு வேறு ஊற்றலாம், சத்தம் பழையபடியே இருக்கும் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“புதுசே போடுங்கண்ணா,” என்றாள் மகள். பிறகு என்னிடம், “பாட்டு நடுவுல அப்பா வந்துட்டா என்னால வாசிக்க முடியாதும்மா.”

மென்மையான ஜோடியைப் போட்டார். முழுச் சத்தத்தில் வாசித்துப் பார்த்தாள், வீறிடவில்லை. பழையவற்றை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார். பிறகு அவரே செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டார். பஸ்ஸில் பையை யார் மடியிலும் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை எழுந்ததும் முதல் வேலையாக ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். கிதாருக்கு அருகில் குனிந்து, கணவரிடம் தினமும் சொன்னதுபோல, “காபி ஆறுது” என்றேன். ஆம்ப்ளிஃபயரில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் உரக்க மறுபடியும் சொன்னேன்.

“வரேம்மா,” என்றாள் மகள், உள்ளறையிலிருந்து.