பூவரசின் அடியில் ஒரு பிடி சோறு

சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரை முகாமில் உப்பேறிய கிணறுகளை இறைக்க வந்த குழுவில் அவர் இருந்தார். கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவர். நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருப்பார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். மாலையானால் எங்கள் இருவருக்கும் பேசக்கூடத் தெம்பிராது.

எவ்வளவு களைத்திருந்தாலும், ஒரு பிடி சோற்றைப் பூவரச மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட உட்காருவார்.

முகாமில் சமைக்கும் அக்கா ஒருநாள், "ஆருக்கு வைக்கிறாரெண்டு கேளுங்க தம்பி" என்றார். அக்காவின் கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. படையல் வைத்தால் அவர் செத்துப்போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, உறவினர் எவ்வளவு சொல்லியும் அக்கா மறுத்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன். "நடுக்குளிர்காலத்தில் எங்கள் வீடுகளில் விலாங்கு மீனின் தலையை வெளியே மரக்கட்டையில் வைப்போம். அதுவரை பிழைத்திருப்பதற்கு நன்றியாக" என்றார்.

"செத்த ஆக்களுக்கா?" என்றார் அக்கா.

அவர் அக்காவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பசியோடு வருகிறவருக்கு. உயிரோடு இருக்கிறாரா என்று நாங்கள் கேட்பதில்லை."

அதைத் தமிழில் சொன்னேன். அன்று மாலை அக்காவின் கூடாரத்து வாசலில் ஒரு பீங்கானில் சோறும் பருப்பும் இருந்தன.

அந்த மனிதர் ஊர் திரும்பிவிட்டார். பிறகு சண்டை மூண்டு ஓய்ந்தபோது, உடல் கிடைக்காத வீடுகள் இன்னும் கூடியிருந்தன. அவர் கடைசியாகச் சொன்னது அவர்களுடைய வழக்கம்தானா, அக்காவைப் பார்த்ததும் அந்த நிமிடத்தில் அவர் உண்டாக்கியதா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, அந்த வீடுகளில் படையல் வைப்பதா என்று கேட்பவர்களுக்கு அதையே சொல்லி வருகிறேன்.