தெரியாதுன்னு சொன்ன டாக்டரம்மா

போன வருஷம் மழைக்காலத்துல நடந்ததுங்க. மலையாள எல்லையோரம் வடகரப்பதிப் பக்கம் எங்க ஊடு. தென்னையும் மாடுமாக் குடித்தனம். பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறப்ப, அவ வளர்த்த கினி பிக்கை எங்கிட்ட விட்டுட்டு, "அம்மா, நான் லீவுக்கு வரும்போது இது இருக்கோணும்"னு கண்ணு கலங்கச் சொல்லிட்டுப் போனா. எலியுமில்லாம முயலுமில்லாம ஒரு உசுரு. ஆரம்பத்துல எனக்கு அது மேல ஒட்டுதலே இல்ல. ஆனா கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாப் போதும், வீல் வீல்னு ஊட்டையே ரெண்டாக்கும். அப்படியே பழகிப்போச்சு.

ஒரு நாள் பார்த்தா முதுகுல முடி கொட்டிச் சொட்டை. கொஞ்ச நாள்லயே இடுப்பு வரைக்கும் பரவிடுச்சு. தோலு செதிள் செதிளா உரியுது. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வருது.

அப்பத்தானுங்க தெரிஞ்சுது, எங்களைச் சுத்தி எத்தனை டாக்டருங்க இருக்காங்கன்னு! பக்கத்து ஊட்டக்கா வேப்பெண்ணெய் தடவச் சொன்னாங்க. இதை வித்த கடைக்காரர் பார்க்காமலே, போன்லயே, "பூஞ்சைதான், தினமும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்க"ன்னு அடிச்சுச் சொன்னாரு. குளிப்பாட்டுனா இன்னும் மோசமாச்சு. கடைசியா எங்க ஊட்டுக்காரர் மாட்டுக்குத் தெளிக்கிற உண்ணி மருந்தைக் கிண்ணத்துல கலக்கிட்டு வந்து நின்னாரு. "மாட்டுக்கே கேக்குது, இந்தச் சுண்டெலிக்குக் கேக்காதா?"

அவரு தொடறதுக்குள்ள, சொறிஞ்சுட்டே இருந்தது சட்டுனு சாஞ்சு, காலு நாலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. பொண்ணுக்கு என்ன பதில் சொல்லுவேன்? துண்டுல சுத்திக்கிட்டு அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

அங்க இருந்த டாக்டரம்மா மலையாளத்துக்காரங்க, தமிழ் நல்லாப் பேசுனாங்க. போறதுக்குள்ள இழுப்பு நின்னிருந்துச்சு. நிதானமாப் பார்த்துட்டு, கன்னும் ஆடுமா வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. "சேச்சி, கினி பிக்குக்கு நான் இதுவரைக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. மருந்தளவு எனக்குத் தெரியாது. உட்காருங்க, கேட்டுட்டுச் செய்யறேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏனுங்க, டாக்டரே தெரியாதுன்னா நாங்க எங்க போறது?"ன்னு கேட்டே போட்டேன்.

அவங்க கோவிச்சுக்கல. "தெரிஞ்ச மாதிரி ஊசி போட்டா இது செத்துடும்"னு மட்டும் சொல்லிட்டு, செதிளைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. அரிப்பு தாங்காமத்தான் இழுப்பே வந்துருக்குது! அப்புறம் தனக்குப் பாடம் சொல்லிக்குடுத்த ஒருத்தருக்குப் போன் போட்டு, ஒவ்வொண்ணாக் கேட்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாங்க. எடைக்குத் தக்கன மருந்தாம். ஆஸ்பத்திரித் தராசு கன்னுக்குட்டி நிறுக்கறது. உடனே அவங்களே எந்திரிச்சு, எதுத்தாப்புல பாயோட மளிகைக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. பாய் தராசுல புதுப் பேப்பர் விரிச்சு, "கிலோ என்ன விலைங்க?"ன்னாரு. அந்த அழுகையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

துளியூண்டு மருந்துதான் ஊசியில ஏத்துனாங்க. வேற ஏதாவது தடவுனீங்களான்னு கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரர் தயங்கித் தயங்கி உண்ணி மருந்தைச் சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. "நல்லவேளை போடலை. நக்கியிருந்தா அவ்வளவுதான்." குளிப்பாட்ட வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், கூண்டுல வைக்கோலைத் தினம் மாத்துங்க, கொய்யாவும் குடைமிளகாயும் குடுங்கன்னாங்க. மறுநாள் அவங்களே போன் பண்ணி, இழுப்பு வந்துதா, தீனி எடுக்குதான்னு விசாரிச்சாங்க. மாட்டுக்குக்கூட யாருங்க அப்படிக் கேக்கறாங்க?

ரெண்டாவது ஊசிக்குப் போறப்ப பூனைமுடி மாதிரி புதுசா முளைச்சிருந்துச்சு. அதைத் தடவிப் பார்த்துட்டு, "இனி யாராவது கினி பிக் கொண்டு வந்தா எனக்குத் தெரியும்"னு குழந்தை மாதிரி சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேங்க.

லீவுக்கு வந்த பொண்ணு, "கொழுகொழுன்னு வச்சிருக்கியேம்மா!"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

எல்லாம் தெரிஞ்ச நாங்க அத்தனை பேரும் சேர்ந்து அதைக் கொன்னிருப்போம். இப்பவும் யாராவது "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்"னு சொன்னா, இவங்களை நம்பி என் உசுரையே குடுக்கலாம்னு தோணுதுங்க.