எட்டுக் கட்டை அகல வீடு

என் மனைவி கட்டிய முதல் வீட்டில் பதினான்கு விதிமீறல்கள் இருந்தன. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, ஊரார் கட்டப்போகும் வீடுகளின் வரைபடங்களைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். ஒரு சுவரைப் பார்த்தால் அது எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்பதுதான் முதலில் தெரியும். அழகு பிறகு தெரியும். பெரும்பாலும் தெரியாது.

அந்த வீடு கணினித் திரைக்குள் இருந்தது. மண், கல், மரம், கம்பளி எல்லாமே சதுரக் கட்டைகளாகக் கிடைக்கும் ஒரு விளையாட்டு. கட்டைகளை வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நினைத்ததைக் கட்டலாம். அங்கே பசு சதுரம், மேகம் சதுரம், சூரியனும் சதுரம். படித்த பெரியவர்கள் இதில் உட்காருகிறார்கள் என்பதை நான் நம்ப மறுத்தேன். பிறகு என் வீட்டிலேயே பார்த்தேன்.

கொண்டுவந்தவள் மகள். துபாயில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். 2013இல் விடுமுறைக்கு நாகர்கோவில் வந்தபோது எங்கள் கணினியில் அந்த விளையாட்டை ஏற்றி, அம்மாவுக்கு நடக்கவும் குதிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். மகளும் பல நாடுகளில் இருக்கும் பத்துப் பேருமாக இணையத்தில் ஒரு பொது சர்வரில் ஊர் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவின் இடைக்கால ஊராம். அதன் பெரிய தெருவில் மகளின் வீட்டுக்கு அடுத்த மனை காலியாக இருந்தது. அதை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

அதற்கு முன்பு தாயும் மகளும் தொலைபேசியில் பேசுவார்கள். சாப்பிட்டியா, என்ன கொழம்பு, அங்க சூடா, இங்க மழை. நான்காவது நிமிடத்தில் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். அந்தத் தெருவில் குடியேறிய பிறகு மாலை ஆறிலிருந்து ஏழு வரை அடுத்தடுத்த மனைகளில் நின்று ஆளுக்கொரு சுவர் கட்டினார்கள். கை வேலையாக இருந்ததால் வாய் தானாகப் பேசியது. மேலதிகாரியின் குணம், மாமியாரின் குணம், கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லாதது, அதைப் பற்றி யார் யார் என்ன கேட்டார்கள் என்பது எல்லாம் கணினியின் ஒலிபெருக்கி வழியாக வந்தது. நான் பின்னால் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு இருப்பேன். மகளின் வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்ததுதான். என்னிடம் அவள் இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்பாள்.

மனைவி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. முதலில் கட்டியது எட்டுக்கு எட்டு ஒரு பெட்டி. தட்டையான மொட்டைமாடி, சன்ஷேடு, மாடியில் கறுப்புக் கம்பளிக் கட்டைகளால் ஒரு தண்ணீர்த் தொட்டி. நம்மூர் கான்ட்ராக்டர் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் வீடு.

“அம்மா, இது பார்வதிபுரத்துல நிக்க வேண்டிய வீடாக்கும்,” என்றாள் மகள்.

“தொட்டி இல்லாம தண்ணிக்கு எங்க போவ மக்ளே?”

“இங்க யாரும் குளிக்கிறதில்லம்மா.”

அந்தப் பதிலில் இடைக்காலம் முழுவதும் அடங்கியிருந்தது. கழிப்பறை கிடையாது. கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் நடுவே நாலு அடி. மரக்கூரைக்குள் கல் புகைபோக்கி. மேல்தளம் கீழ்த்தளத்தைவிட ஒரு கட்டை தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நீட்டியவர்களுக்கு நான் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். இங்கே அதற்குப் பெயர் அழகு.

மனைவி வீடியோக்கள் பார்த்து அந்த அழகைக் கற்றாள். வெறும் சுவர் நிற்கக்கூடாது. மூலைகளில் முழு மரத்தூண் நிறுத்தி, நடுச்சுவரை ஒரு கட்டை உள்ளே தள்ள வேண்டும், அப்போதுதான் நிழல் விழும். அடித்தளத்தில் ஒரே கல்லைப் போடக்கூடாது. பாசி பிடித்த கல்லையும் விரிசல் விட்ட கல்லையும் இடையிடையே கலக்க வேண்டும், அப்போதுதான் வீட்டுக்கு வயதாகும். கூரை செங்குத்தாக ஏற வேண்டும், இறவாரம் சுவரைத் தாண்டி ஒரு கட்டை நீள வேண்டும். ஜன்னலுக்கு இருபுறமும் மரக்கதவு, கீழே பூந்தொட்டி. புகைபோக்கியின் வாயில் சிலந்தி வலையைத் தொங்கவிட்டால் அதுதான் புகை.

புதிய வீட்டுக்குப் பழைய வேடம் போடும் இந்தப் புத்தி எனக்குப் புதிதல்ல. குலசேகரம் பக்கம் ரப்பர் முதலாளிகள் சாய்ந்த கான்கிரீட் ஊற்றி, அதன்மேல் ஓடுகளை ஒட்டவைத்து, பாரம்பரியம் என்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் பச்சைச் சுவருக்கு முன்னால் ரோமாபுரித் தூண் நிறுத்துகிறார்கள். அந்த வரைபடங்களில் எல்லாம் என் கையெழுத்து இருக்கிறது. அளவு சரியாக இருந்தது, போட்டேன். ரசனையைத் திருத்த அரசாணை கிடையாது.

பெட்டியை மாற்றி மனைவி கூரை போட்டாள். அகலம் எட்டு கட்டை என்பதால் இரண்டு பக்கத்துச் சரிவும் உச்சியில் ஒன்று சேரவில்லை. நடுவில் இரண்டு கட்டை தட்டையாக நின்றது. சுமை இறக்கிய லாரியின் தலைபோல் இருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. குழுவின் தலைவன் ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரில் சட்டம் படிக்கும் மாணவன். பெரிய தெருவில் இருக்கும் வீடுகள் இடைக்காலப் பாணியில் இருக்க வேண்டும். உங்கள் வீடு இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. தோற்றால் வீடு அகற்றப்படும், மனை வேறு ஒருவருக்குப் போகும். நீங்கள் விரும்பினால் மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் இடம் தரப்படும். ஆற்றங்கரை மகளின் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

“ஏட்டி, இது என்னை வெரட்டுகதுக்கு உள்ள ஏற்பாடா?”

“இல்லம்மா. கூரை மட்டும் செரியானா போதும். ஆறு பேரு உனக்குத்தான் போடுவா.”

“எதுல தப்புன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எட்டுல தப்பு. இரட்டைப்படைக்கு நடு கெடையாது. ஒம்பது வச்சா உச்சி ஒத்தைக் கட்டையில நிக்கும். முப்பது வருசம் பிள்ளியளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், எனக்குத் தோணல்ல பாரு.”

மனையின் அகலம் பதினொன்று. ஒன்பது போக இருபுறமும் ஒவ்வொரு கட்டை மிஞ்சும். எல்லையிலிருந்து விட வேண்டிய செட்பேக் பற்றாது என்றேன்.

“நீங்க பேப்பரைப் படிங்க.”

நான்கு நாளில் அவள் கூரை முழுவதையும் பிரித்தாள். ஒரு பக்கச் சுவரை இடித்தாள். காகிதத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை கட்டை என்று கணக்கு எழுதிவைத்தாள். வெள்ளிக்கிழமை காலை தன் தங்கையோடு சுசீந்திரம் கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமைக்குள் சுவரும் கூரையும் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்த நோட்டீஸ் நாலு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எந்த விதியின் கீழ் என்று அதில் இல்லை. குழுவின் விதிகள் இருந்த பக்கத்தைத் தேடிப் படித்தேன். பாணி பற்றிய விதி, அவளுக்கு மனை ஒதுக்கி மூன்று மாதம் கழித்துச் சேர்க்கப்பட்டது. பின்னால் வந்த விதி முன்னால் நின்ற வீட்டைக் கட்டுப்படுத்தாது. இதை ஒரு கடைநிலை எழுத்தரும் சொல்வார். சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்கவும் இல்லை. மனைவிக்கு உதவத்தான் எழுதினேன் என்று இங்கே எழுதினால் அது பொய். தப்பாகத் தயாரித்த ஒரு நோட்டீஸை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த விளையாட்டில் அவளுக்கு இருந்த கணக்கிலிருந்தே, அவள் பெயரில், பதினொரு பத்திகளில் ஆங்கிலத்தில் மேல்முறையீடு எழுதினேன். நல்ல மனு. கடைசிப் பத்தியில், பழக்க தோஷத்தால், இந்த மனு முடிவாகும் வரை சொத்தை உள்ளது உள்ளபடி வைக்க உத்தரவிடுமாறு வேண்டினேன். மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் அனுப்பி முடித்தேன்.

மாலை ஆறு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள்.

“இது என்ன, வைக்கியதெல்லாம் திரும்பி வருது? மக்ளே, எனக்குக் கட்டை ஒட்டமாட்டேங்கு.”

ஒலிபெருக்கியில் மகள் எதையோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “உன் மனையைப் பூட்டியிருக்கும்மா. நீயாக்கும் கேட்டிருக்க.”

“நானா?”

“பதினொரு பத்தி எழுதியிருக்க. முடிவு வாற வரைக்கும் யாரும் தொடப்பிடாதுன்னு. அவன் அதை எல்லாருக்கும் அனுப்பியிருக்கான். இவ்வளவு அழகா யாரும் எழுதுனதில்லயாம்.” “அப்பா அங்க இருக்காவளா?”

மனைவி நாற்காலியைத் திருப்பினாள்.

“என்ன செஞ்சிய?”

“வாக்கெடுப்பை நிறுத்தியிருக்கேன். இனி உன் வீட்டை யாரும் தொட முடியாது.”

“நானும் தொட முடியாதுல்லா?”

முப்பத்திரண்டு வருடம் தடையாணையை ஆட்டிக்கொண்டு வந்தவர்களிடம் நான் அலுப்போடு சொன்ன வாக்கியம் அது. அவர்களுக்கு மட்டுமில்லை ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான், இனி நீங்களும் ஒரு செங்கல் வைக்கக்கூடாது. அவர்கள் முகம் தொங்கும். இது தெரியாமலா நீதிமன்றத்துக்குப் போனார்கள் என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து நினைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை.

மனுவைத் திரும்பப் பெறுவதாக உடனே எழுதினேன். ஜெர்மானியன் மறுத்துவிட்டான். இது இப்போது ஒரு வீட்டின் பிரச்சினை இல்லை, கோட்பாட்டின் பிரச்சினை என்றான். சட்டம் படிக்கிறவன் கையில் இரண்டாம் வருடத்தில் ஒரு மனு கிடைத்தால் விடுவானா?

ஞாயிற்றுக்கிழமை விசாரித்தார்கள். எல்லோரும் தட்டச்சு செய்தார்கள். மேல்முறையீடு ஏற்கப்பட்டது. பாணி விதி இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாது. விதிக்கு முந்தைய கட்டுமானம் என்ற வகையில், பூட்டிய நாளில் இருந்த நிலையிலேயே அது எக்காலத்துக்கும் நிற்கலாம். ஒரு கட்டையை மாற்றினாலும் அது புதிய கட்டுமானம் ஆகும், விலக்கு ரத்தாகும், காத்திருப்பவருக்கு மனை போகும். உத்தரவில் ஒரு ஓட்டை தேடினேன். இல்லை. என் கீழே வேலை பார்த்த யாரும் அப்படி ஒரு உத்தரவை எழுதியதில்லை.

கூரையும் ஒரு பக்கச் சுவரும் இல்லாத வீடு, மகளின் வீட்டுக்கு அடுத்து, நிரந்தரமாக, சட்டப்படி நின்றது.

அடுத்த மூன்று நாளும் மனைவி ஆறு மணிக்கு அதற்குள் போய் நின்றாள். மழை உள்ளேயே பெய்தது. மகள் தன் வீட்டுத் தோட்டத்தில் வேலி கட்டினாள். மனைவிக்குச் செய்ய ஒன்றுமில்லை.

“சாப்பிட்டியா?”

“ம். நீ?”

“இட்லி. அங்க சூடா?”

“சூடுதான்.”

ஆறே காலுக்கு மூடிவிட்டாள். இரண்டாம் நாள் ஆறு பத்துக்கு. நான் செய்தித்தாளைத் திருப்பினேன். படித்த பக்கமே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் மகள் வரவில்லை, வேலை அதிகம் என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாள்.

நான்காம் நாள் மனைவி தலைவனுக்கு இரண்டே வரியில் எழுதினாள். பெரிய தெரு மனையை ஒப்படைக்கிறேன். ஆற்றங்கரையில் இடம் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால், ஒப்படைப்பதற்கு முன் மாற்றிடத்தை எழுத்தில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருப்பேன்.

ஆற்றங்கரை, நம்மூர் விதிப்படி, நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே எதையும் கட்டக்கூடாது. அவள் ஒன்பது கட்டை அகலத்தில் வீடு கட்டினாள். கீழே பாசிக் கல்லும் விரிசல் கல்லும். மேலே கறுப்பு மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர். மேல்தளம் ஆற்றுக்குமேல் ஒரு கட்டை நீண்டது. கூரை இருபுறமும் படிப்படியாக ஏறி ஒற்றைக் கட்டையில் போய்ச் சேர்ந்தது. உண்மையில் அப்படி ஒரு வீட்டை யாராவது கட்டினால், முதல் ஐப்பசி மழையில் அடித்தளம் ஆற்றோடு போய்விடும். பார்க்க நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மகள் தினமும் பெரிய தெருவிலிருந்து நடந்து வந்தாள். ஐந்தாம் நாள் எங்கிருந்தோ ஒரு சதுரக் குதிரையைப் பிடித்து, அதில் வந்தாள். கூரையின் ஒரு சரிவை மனைவி வைத்தாள், எதிர்ச் சரிவை மகள். கை வேலையானதும் பேச்சு ஏறியது. மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்ததாக மகள் ஆரம்பித்தாள்.

“அவரு என்ன சொன்னாரு?” என்றாள் மனைவி.

நான் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அந்தச் சரசரப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“ஒரு நிமிசம் நில்லு மக்ளே,” என்றாள். மேசை இழுப்பறையைத் திறந்து, மகள் வாங்கிக்கொடுத்து அட்டைப்பெட்டியிலிருந்து பிரிக்காமல் கிடந்த ஹெட்போனை எடுத்தாள். அதன் முள்ளைக் கணினியில் எங்கே குத்துவது என்று தேடி, தானே கண்டுபிடித்துக் குத்தினாள். ஒலிபெருக்கி அடங்கியது.

அவள் ஒரு கட்டை வைத்தாள். கேட்டாள். “ம்” என்றாள். இன்னொரு கட்டை வைத்தாள்.

மருத்துவர் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.