இலாரியோனின் கோட்டு

யாஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் கிருமி வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்தில் லெனுட்சாவுக்கு வேலை. புருஷன் இலாரியோன் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தபோது, அவன் சளியிலிருந்த கிருமியை வளர்த்ததும் அவள் கைதான். ஊருக்கெல்லாம் கேட்கிற மருந்து அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. அந்தச் சனியன் அவனோடு மண்ணுக்குள் போகட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டர் ஸ்மரந்தா விடவில்லை. அதைச் சூட்டில் கொன்று, மருந்துக்குச் சட்டென்று மடிகிற, அதே இனத்து உயிருள்ள கிருமியோடு கலந்து, மருந்து சேர்த்த தட்டில் வளர்க்கச் சொன்னாள். லெனுட்சா மனதாரக் கொன்றாள். செத்ததைத் தனியே வைத்தும் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் கலந்த தட்டைத் திறந்தாள். மருந்துக்கு நடுவே கிருமி புள்ளி புள்ளியாகச் செழித்திருந்தது. தட்டை ஸ்மரந்தாவிடம் கொண்டுபோனாள்.

"செத்தது உடைஞ்சு அதோட மரபு இழை வெளிய சிதறும்," என்றாள் ஸ்மரந்தா. "உயிரோட இருக்கிறது அதை இழுத்து உள்ள வச்சுக்கும். மருந்தைத் தாங்குற வித்தையும் கூடவே வந்துரும். அரைகுறையா மாத்திரை தின்னா, இப்படித் தேறினதுதான் தப்பிச்சுப் பெருகும். உங்க வீட்டுக்காரர் முழுசாச் சாப்பிட்டாரா?"

சாப்பிட்டான் என்றாள் லெனுட்சா. மாதா படத்தின் மேல் சத்தியம் செய்திருந்தானே.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இது செத்தும் கெடுத்தது.

சாயங்காலம் வாசலில் பக்கத்து வீட்டுக் கொஸ்தாக்கே நின்றார், இலாரியோனின் கம்பளிக் கோட்டில். நாற்பதாம் நாள் படையலில், போனவன் பேரால் அவளே மெழுகுவத்தியோடு கொடுத்த கோட்டு. போனவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று வழக்கப்படி சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இதுலயே இருந்துச்சும்மா. தொண்டை கரகரன்னுச்சு, ரெண்டு போட்டேன், கேட்டுருச்சு. மிச்சத்தைப் பேத்திக்கு வச்சிருக்கேன். அவளுக்கும் இருமல்."

அவர் போட்ட இரண்டைத் தவிர அட்டை ஏறக்குறைய முழுசாக இருந்தது. பாவி, சத்தியம் பண்ணினாயே என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதைக் கொடுத்துவிடுங்கள் என்று கையை நீட்டினாள்.

கொஸ்தாக்கே அட்டையை உள்ளே போட்டுப் பையை மூடிக்கொண்டார்.

"செத்தவங்க பேரால கொடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதும்மா. அவருக்கு ஆகாது."