லோகோவுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு

"அம்மா, லோகோவுக்கு நத்தார் தொப்பி போட்டிருக்கினம்!" என்று மகன் நோர்வேச் சனலைக் காட்டிச் சிரித்தான். திரை மூலையில் அந்தச் சிவப்புக் கிறிஸ்மஸ் தொப்பியைக் கண்டதும், பழைய விளக்குத்தான் எரிகிறதென்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, நோர்வேயில் வெஸ்ட்லி என்ற இடத்து மாடி வீட்டில் நாங்கள் பார்த்த தமிழ்ச் சனலில், ஊரில் போரில் குண்டு விழுந்து ஆட்கள் செத்த நாட்களில் லோகோவுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். அதைக் கண்டால் அம்மா பொரித்த மீனை மூடிவைத்துவிட்டுப் பருப்புக் காய்ச்சுவார்.

கடைசிச் சண்டை நடந்த வசந்தத்தில் விளக்கு அணையவேயில்லை. "இண்டைக்கும் மீன் இல்லையோ?" என்று சிணுங்கினேன்.

"உன்ரை சித்தப்பா அங்கைதான் நிக்கிறார் பிள்ளை," என்றார் அப்பா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பிறகு சனலே நின்றுபோனது. லோகோவும் இல்லை, விளக்கும் இல்லை. கறுப்புத் திரையின் அந்த மூலையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அவருக்கு விளக்கேற்றலாமா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது.